பாதி வழியில் ஒரு கோடு

பெங்களூருவில் ஹெப்பாளைத் தாண்டி எலஹங்கா பக்கம் போகும் பேருந்தில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மேம்பாலத்தின் மேலிருந்து ஒரு காட்சி சில நொடிகளுக்குத் தெரியும். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு நீண்ட வெட்டவெளி, அதன் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு தார்ப் பட்டை, ஓரத்தில் வரிசையாக நிற்கும் சிறு விமானங்கள். அதுதான் ஜக்கூர் விமானத்தளம். 1940-களின் இறுதியில் மைசூர் அரசு தொடங்கிய பறத்தல் பயிற்சிப் பள்ளியின் வீடு. 'சூரரைப் போற்று' படத்துக்கு மூலமாக அமைந்த வாழ்க்கைக்குச் சொந்தக்காரரான கேப்டன் கோபிநாத் தம் ஹெலிகாப்டர் நிறுவனத்தை நடத்தியதும் இங்கிருந்துதான்.

ஓடுபாதையின் நீளம் சுமார் 900 மீட்டர். தேவனஹள்ளி விமான நிலையத்தில் பெரிய ஜெட் விமானங்கள் ஓடும் பாதை 4,000 மீட்டர். ஜக்கூர் தொடங்கியபோது சுற்றிலும் வயலும் ஏரியும்தான் இருந்தன. தேவனஹள்ளி விமான நிலையம் 2008-இல் திறக்கப்பட்டது. அங்கே போகிறவர்களுக்காகப் பெல்லாரி சாலையில் மேம்பாலம் எழுந்தது. அது ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அருகே ஓடுவதால், 900 மீட்டரில் முழுவதையும் பயன்படுத்த முடியாமல் போயிற்று. பெரிய விமான நிலையத்துக்கு வழிவிட்டதில் சிறிய விமானத்தளத்தின் காலடி நிலம் சுருங்கியது.

குறுகிய ஓடுபாதை என்றதும் விமானிகளிடையே ஒரு பழைய வாதம் தொடங்கிவிடும். எப்படி எழுப்பினால் குறைந்த தூரத்தில் எழும்? பிரேக்கை அழுத்திப் பிடித்து எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு விடுவதா? நிற்காமல் உருண்டபடியே வேகம் எடுப்பதா? இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பை எத்தனை பாகை இறக்குவது? மூக்கை எப்போது தூக்குவது? கைத்திறன் பற்றிய இந்தக் கேள்விகள் எல்லாமே நல்ல கேள்விகள். ஆனால் இவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. இன்று, இந்த எடையோடு, இந்த வெயிலில் புறப்படலாமா? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கான விடை காற்றில் தொடங்குகிறது.

குன்னூருக்கு ஏறிவிடும் நகரம்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சூடேறினாலும் மெலிகிறது. விமானத்துக்கு வேண்டியது உயரமோ வெப்பமோ இல்லை. ஒரு கன மீட்டரில் எத்தனை காற்று மூலக்கூறுகள் இருக்கின்றன என்பது மட்டும்தான். அதனால் விமானிகள் இவ்விரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்து 'அடர்த்தி உயரம்' என்கிறார்கள். இன்றைய காற்றின் அடர்த்தி, சராசரி நாளில் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரம்.

கணக்கு எளிது. உலகளாவிய சராசரி மாதிரியின்படி 3,000 அடியில் வெப்பநிலை 9 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் அடர்த்தி உயரம் ஏறத்தாழ 120 அடி ஏறும். ஏப்ரல் பிற்பகலில் பெங்களூரு 35 பாகையைத் தொடுவது இயல்பு. 26 பாகை அதிகம். 26-ஐ 120-ஆல் பெருக்கினால் 3,120 அடி. ஆக, தரையில் நிற்கும் விமானம் காற்றைப் பொறுத்தவரை 6,100 அடிக்கு மேல், அதாவது சுமார் 1,860 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. குன்னூரின் உயரம் அது. நமக்கு வியர்க்கிறது, இறக்கையோ மலை ஏறிவிட்டது.

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 17 விழுக்காடு குறைவு. அந்த இழப்பு மூன்று இடங்களில் அடிக்கிறது.

முதல் அடி எஞ்சினுக்கு. பெட்ரோலை எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்தால், அதற்கு ஏற்பத்தான் எரிக்க முடியும். டர்போ இல்லாத சாதாரண எஞ்சின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கிறது. பெங்களூருவிலேயே தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-3 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்துக்கு டர்போ பொருத்திய ரோட்டாக்ஸ் எஞ்சின் உண்டு. டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால் இந்த முதல் அடி அதற்கு வலிப்பதில்லை. இதே நகரில் ஹெச்ஏஎல் நிறுவனம் 1958-இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட புஷ்பக் விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. வெறும் 90 குதிரைத்திறன் எஞ்சினோடு, வெயில் ஏறும்போதெல்லாம் அதன் மூச்சு வாங்கியது.

இரண்டாவது அடி புரொப்பெல்லருக்கு. அது காற்றைப் பின்னால் தள்ளித்தான் விமானத்தை முன்னால் இழுக்கிறது. தள்ளுவதற்குக் கனமான காற்று இல்லையென்றால் இழுப்பும் தளரும்.

மூன்றாவது அடி இறக்கைக்கு. மெலிந்த காற்றில் அதே தூக்குவிசை வேண்டுமானால் இறக்கை வேகமாகப் போக வேண்டும். கடல் மட்டத்தில் 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) வேகத்தில் எழும் விமானம், குன்னூர்க் காற்றில் உண்மையில் 60 நாட் போனால்தான் எழும். காக்பிட்டின் வேகமானி அப்போதும் 55 என்றே காட்டும், ஏனென்றால் அதுவும் அதே மெலிந்த காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. இங்கே ஒரு மாயை ஒளிந்திருக்கிறது. தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைக் கண் பார்க்கிறது. 'போதும், எழுப்பு' என்று மனம் சொல்கிறது. வேகமானி 'இன்னும் இல்லை' என்கிறது. கண்ணை நம்புகிறவர் இந்த இடத்தில் தவறுவார்.

நான்கு எண்கள்

இதைத் தூரமாக மாற்றிப் பார்ப்போம். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-எஸ் முழு எடையில் 1,157 கிலோ. கடல் மட்டத்தில், சராசரி வெப்பநிலையில், காற்றடிக்காத நாளில் புறப்பட்டு, 50 அடி உயரத் தடையைத் தாண்ட அதற்கு வேண்டிய தூரம் 1,630 அடி. அதாவது 497 மீட்டர். புதிய விமானம், தேர்ந்த சோதனை விமானி, நல்ல பாதை ஆகியவை சேர்ந்து தந்த எண் அது.

பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானிகளுக்காகச் சில பெருக்கு எண்களைத் தந்திருக்கிறது. ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் 10 விழுக்காடு கூட்டு. ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் 10 விழுக்காடு கூட்டு. எடை 10 விழுக்காடு கூடினால் தூரம் 20 விழுக்காடு கூடும். எல்லாவற்றையும் பெருக்கியபின், பழைய எஞ்சினுக்கும் சராசரிக் கைகளுக்கும் இடம்விட்டு, இறுதியில் 1.33-ஆல் பெருக்கு. ஒரு குறிப்பிட்ட பறப்புக்கு அந்தந்த விமானத்தின் கையேடுதான் வேதம். பொதுவான படத்தைக் காண இந்த எண்கள் போதும்.

ஏப்ரல் பிற்பகல் மூன்று மணி, 35 பாகை, முழு எடை. 497 மீட்டர் 850 ஆகிறது. பாதுகாப்பு எண்ணையும் சேர்த்தால் 1,130.

அதே பிற்பகல், எடையில் 10 விழுக்காடு குறைவு. 705 மீட்டர், பாதுகாப்போடு 940.

காலை ஆறு மணி, 18 பாகை, முழு எடை. 720 மீட்டர், பாதுகாப்போடு 960.

காலை ஆறு மணி, எடையும் குறைவு. 600 மீட்டர், பாதுகாப்போடு 800.

முதல் எண்ணைக் கவனியுங்கள். முழு 900 மீட்டரும் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டு, பாதுகாப்புக் கூட்டு இல்லாமல் பார்த்தால் 850 என்பது 900-க்குள் அடங்கிவிடுகிறது. 'முடியும்' என்று வாதிடுபவர் பொய் சொல்லவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் முடியும். டயரில் காற்று சற்றுக் குறைந்தால், எஞ்சின் சற்றுத் தளர்ந்தால், காற்று திசை மாறினால், அந்த 50 மீட்டர் கரைந்துவிடும். நான்கு எண்களில் 900-க்குள் முழுப் பாதுகாப்போடு அடங்குவது கடைசி ஒன்றுதான். அதற்கு எந்த வீரமும் தேவைப்படவில்லை. அலாரம் வைத்து எழுந்ததும், 115 கிலோவைத் தரையில் விட்டுவந்ததும் போதும்.

உருண்டு வருவதா, நின்று கிளம்புவதா?

இப்போது கைத்திறன் வாதத்துக்குத் திரும்புவோம். ஒரு ஆசிரியரும் மாணவியும் ஹேங்கர் நிழலில் நின்று பேசுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"சார், பிரேக்கைப் பிடிச்சு நிக்காம, பத்து நாட் வேகத்தோடயே திரும்பி அப்படியே ஓட ஆரம்பிச்சா தூரம் மிச்சமாகாதா?"

"மிச்சமாகும். எவ்வளவுன்னு கணக்குப் போட்டுச் சொல்லும்மா."

அவள் தரையில் குச்சியால் எழுதுகிறாள். சீரான முடுக்கத்தில் ஓடிய தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எழும் வேகம் 55 நாட். முதல் 10 நாட்டுக்கு வேண்டிய தூரம் 10-ஐ 55-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் வரும். மூன்று விழுக்காடு.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவேதான். 500 மீட்டர் ஓட்டத்தில 16, 17 மீட்டர். நீ போன வாரம் ஓடுபாதையோட கடைசி முனை வரைக்கும் போகாம முன்னாடியே திரும்பின பாரு, அங்கேயே அம்பது மீட்டரை விட்டுட்ட."

கைத்திறன் வீண் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அது எவ்வளவு தரும் என்பதைத்தான் அளக்கச் சொல்கிறார். தேர்ந்த கை சில விழுக்காடுகளைச் சேமிக்கும். வெயில், எடை, காற்று மூன்றும் இருபது, முப்பது விழுக்காடுகளில் பேசுகின்றன. பிரேக் பிடித்து நிற்பதில் வேறொரு நன்மை இருக்கிறது. எஞ்சின் முழு வேகத்துக்கு வந்ததா, எண்ணெய் அழுத்தம் சரியா என்று நகரும் முன்பே பார்த்துவிடலாம். அந்தச் சில நொடிகள் தூரத்தைவிட விலை மிக்கவை.

மூக்கைச் சீக்கிரம் தூக்குவது பற்றிய வாதம் இன்னும் ஆபத்தானது. தரையை ஒட்டிப் பறக்கும்போது, இறக்கை முனைகளில் சுருளும் காற்றுச் சுழல்கள் முழுதாக உருவாகத் தரை விடுவதில்லை. அதனால் இழுவிசை குறைகிறது. இறக்கைகளின் முனைக்கு முனை நீளத்துக்குள், செஸ்னா 172-க்குச் சுமார் 11 மீட்டருக்குள், இந்த 'தரை விளைவு' வேலை செய்யும். தரைக்கு அருகே போகப் போக அது வலுக்கும். போதிய வேகம் வருமுன் மூக்கை இழுத்தால் விமானம் எழவும் கூடும். பார்ப்பவர்கள் பாராட்டவும் கூடும். ஆனால் சில மீட்டர் ஏறியதும் தரை தந்த கடன் முடிகிறது. இழுவிசை கூடுகிறது, ஏறவும் வலிமை இல்லை, இறங்கவும் பாதை மிச்சமில்லை. பதற்றத்தில் மேலும் இழுத்தால் இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை சரிந்துவிடும். ஸ்டால் என்று விமானிகள் அஞ்சுவது இதைத்தான்.

காற்றின் திசையும் சும்மா இருப்பதில்லை. 55 நாட் வேகத்தில் எழும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தரையில் 45 நாட் ஓடினால் போதும். தூரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். பின்காற்று 5 நாட் இருந்தாலே தூரம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடிவிடும். தென்மேற்குப் பருவ மாதங்களில் பெங்களூருவில் காற்று மேற்கிலிருந்து வீசும். அதை எதிர்கொண்டு எழ, மேற்கு நோக்கி ஓட வேண்டும். ஜக்கூரில் மேம்பாலம் நிற்பதும் மேற்கில்தான். தடையைத் தவிர்க்க எண்ணி எதிர்த்திசையில் ஓடினால் காற்று முதுகில் அடிக்கும். இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் கணக்குகளை, எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, இதயம் படபடக்க, ஓடும்போதே போட்டு முடிக்க மனித மூளை படைக்கப்படவில்லை.

எழுபது விழுக்காடு

பயணிகள் ஜெட் விமானங்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பே 'வி-ஒன்' என்ற வேகத்தைக் கணக்கிட்டு வைப்பார்கள். அந்த வேகத்துக்கு முன் கோளாறு தெரிந்தால் நிறுத்து. கடந்துவிட்டால் எழு. ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தின் கையேட்டில் அப்படியொரு எண் இருக்காது. விமானியே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மலைப்பகுதி விமானிகள் அதற்கு ஓர் அழகான விதியைப் பழகியிருக்கிறார்கள். ஓடுபாதையின் பாதியில் எழும் வேகத்தின் 70 விழுக்காடு வரவில்லை என்றால், நிறுத்திவிடு.

ஏன் 70? மாணவி குச்சியால் எழுதிய அதே கணக்குதான். தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றால், வேகம் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாதியின் வர்க்கமூலம் 0.707. பாதித் தூரத்தில் 71 விழுக்காடு வேகம் வந்துவிட வேண்டும். மீதிப் பாதி முழுவதும் சேர்ந்து மிச்சமுள்ள 29 விழுக்காட்டைத்தான் தரும். பாதி வழியில் பாதி வேகம் வந்துவிட்டது, மீதி வந்துவிடும் என்று நினைப்பவர் பெரும் பிழை செய்கிறார். பாதி வேகம் என்பது காற்பங்கு வேலைதான்.

உண்மையில் வேகம் கூடக் கூடப் புரொப்பெல்லரின் இழுப்பு குறையும், காற்றின் தடை கூடும். ஆகவே நல்ல ஓட்டத்தில் பாதி வழியில் 71-ஐவிடச் சற்று அதிகமே இருக்க வேண்டும். 70-கூட வரவில்லை என்றால் ஏதோ ஒன்று சரியில்லை. எது என்று அப்போது ஆராய வேண்டியதில்லை. 55 நாட்டில் எழும் விமானத்துக்கு 39 நாட். அந்த எண் வரவில்லையா, த்ராட்டிலை மூடு, பிரேக்கைப் பிடி. 70 விழுக்காடு வேகத்தில் விமானத்தின் இயக்க ஆற்றல் எழும் நேரத்தில் இருப்பதில் பாதிதான். அதை அடக்க முன்னால் பாதிப் பாதை காத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த விதி தரையை விட்டு எழுவதற்கு மட்டுமே உறுதி சொல்கிறது. எதிரே உள்ள மேம்பாலத்தைத் தாண்டுவதற்குச் சொல்லவில்லை. தடை இருக்கும் திசையில், எந்த இடத்துக்குள் சக்கரம் தரையை விட வேண்டும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அந்தத் தூரத்தின் பாதியில் கோட்டைப் போட வேண்டும்.

மங்களூரு சொன்னது

முடிவை முன்கூட்டியே எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கர்நாடகம் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, மேசை போல மலை உச்சியில் அமைந்த 2,450 மீட்டர் ஓடுபாதையில் இறங்கியது. மிக உயரமாக, மிக வேகமாக வந்துகொண்டிருந்தது. திரும்ப மேலேறும்படி துணை விமானி சொன்னார். கேப்டன் தொடர்ந்தார். ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி கடந்துதான் சக்கரம் தரையைத் தொட்டது. வேகத்தைக் குறைக்கும் வேலை தொடங்கியபின், பாதை போதாது என்று உணர்ந்த கேப்டன் மீண்டும் எழ முயன்றார். விமானம் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

அது பெரிய ஜெட், நடந்ததும் இறங்கும்போது. ஆனால் விசாரணை வெளிக்கொணர்ந்த மனக்கூறுகள் எல்லா விமானிகளுக்கும் பொது. தொடங்கியதைத் தொடர்வதில் மனத்துக்கு இருக்கும் பிடிவாதம் ஒன்று. காலம் கடந்தபின் முடிவை மாற்றுவது இன்னொன்று. நிறுத்துவது நல்ல முடிவாக இருக்கலாம், எழுவதும் நல்ல முடிவாக இருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாதி வழியில் தாவும்போது இரண்டுக்கும் போதுமான பாதை இருப்பதில்லை.

நம் மூளை ஓடும்போது கணக்குப் போடுவதில்லை. போட்டுவைத்த கணக்கை நினைவுகூரத்தான் அதற்கு முடியும். இலக்கை நெருங்க நெருங்க, எதிரான அறிகுறிகளை அது சிறிதாக்கிக் காட்டும். பின்னிருக்கையில் நண்பர்கள் இருந்தால் இன்னும் சிறிதாக்கும். வானொலியில் வரிசையில் காத்திருப்பவரின் குரல் கேட்டால் மேலும் சிறிதாக்கும். அனுபவசாலிக்கும் இதில் விலக்கு இல்லை. நூறு முறை சமாளித்தவருக்கு நூற்றோராம் முறையும் சமாளிக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆகவே விவேகம் என்று நாம் மெச்சும் பண்பு, ஓடுபாதையில் மின்னலாய்த் தோன்றும் ஞானம் என்று நான் நம்பவில்லை. குளிர்ந்த தலையோடு இருக்கும்போது எழுதிவைத்த எண்ணுக்குச் சூடான நேரத்தில் கீழ்ப்படிவதுதான் அது. அதைக் கற்பிக்க முடியும். ஒவ்வொரு பறத்தல் பள்ளியும் கற்பித்தாக வேண்டும்.

ஹேங்கர் நிழலுக்குத் திரும்புவோம். மணி மூன்று. வெப்பமானி 35 காட்டுகிறது. மாணவி கணக்கை முடித்து, 39 என்ற எண்ணைத் தொடைமேல் கட்டிய தாளில் பெரிதாக எழுதுகிறாள். காற்றுப்பை துவண்டு தொங்குகிறது. ஓடுபாதையின் ஓரத்தில் பாதி தூரத்துக்கு நேராக ஒரு வெள்ளைக் குறியைத் தேர்ந்துகொள்கிறாள். பிறகு மறுபடி தாளைப் பார்க்கிறாள். முழு டேங்க், மூன்று பேர், இந்த வெயில்.

"சார், இன்னிக்கு வேண்டாம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு, பாதி டேங்க்கோட, நாம ரெண்டு பேர் மட்டும் போலாமா?"

ஆசிரியர் ஏன் என்று கேட்கவில்லை. விமானத்தை ஹேங்கருக்குள் தள்ள ஆள் கூப்பிடப் போகிறார்.

மறுநாள் காலை ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று எதிரே வருகிறது. அவள் த்ராட்டிலைத் திறக்கிறாள். வெள்ளைக் குறி நெருங்குகிறது. "நாற்பத்தி நாலு," என்று உரக்கச் சொல்கிறாள். குறி பின்னால் போகிறது. ஓடுபாதையில் இன்னும் நிறைய மீதமிருக்கும்போதே சக்கரங்கள் தரையை விடுகின்றன.